அணைத்து வைத்த மீற்றர்

அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் என் கோபமும் இல்லை. ஊரில் போரின் கடைசி நாட்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த எஸ்பியர்க் நகரின் தமிழ் மண்டபத்தில் செய்தி பார்க்கும் சற்றலைட் பெட்டி செத்துப்போனது. திருத்த வந்தவர், மீன் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடேயே, பெட்டிக்குள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றர் போர்ட்டை, மண்டபத்தின் சமையலறையான குசினியின் மேசையில் கழற்றி வைத்தார். ஒவ்வொரு தடவையும் அளக்குமுன் மின்சாரம் அளக்கும் மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் முட்டி, அது கீச்சிடுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்பார். "முதல் மீற்றர் சரியோ எண்டு பாக்கவேணும்."

இடையில் வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து மறுபடி அளந்தார். அளந்துகொண்டேயிருந்தார்.

"இன்னும் வோல்டேஜ் வரேல்லையோ அண்ணை?" மூன்று முறை கத்திவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், முனைகள் முட்டின, சத்தம் இல்லை. மீற்றரை அணைத்தே வைத்திருந்தார்.

"என்ன விளையாட்டு இது? அங்க மண்டபத்தில சனம் செய்திக்குக் காத்திருக்குது!"

"போர்ட் எப்பவோ சரி," என்றார், நிமிராமல். "லண்டனிலயிருந்து தம்பி எடுத்தவன். எல்லாம் முடிஞ்சுதாம். சனம் போரை நிப்பாட்டச் சொல்லிப் போன ஊர்வலத்தால வந்து இப்பதான் சோத்தில கை வைச்சிருக்குது. சாப்பிட்டு முடியட்டும்."

அதைத் தீர்மானிக்க இவர் யார்? அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அன்று குசினிக் கதவைப் போய்ச் சாத்தியது நான்தான்.