புருவத்துக்குக் குரல் கொடுத்தவள்

ஊமைப்படக் காலத்தில் பதினெட்டுப் படங்களில் மயங்கி விழுந்தவள். அதனால் ‘மயக்கக்கா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சும்மா பொத்தென்று விழுகிற ரகமில்லை. முதலில் இடது புருவம் ஏறும், அப்புறம் கீழுதடு துடிக்கும், கை காற்றில் எதையோ தேடும். அதற்குள் கொட்டகையில் பாதிப்பேர் மூக்கைச் சிந்திவிடுவார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. பாழாய்ப்போன படம், வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம். மயக்கக்காவின் குரலைக் கேட்ட ஒலிப்பதிவாளர் மைக்கில்தான் கோளாறு என்று இரண்டு தடவை மைக்கை மாற்றினார். மூன்றாம் தடவை அவளையே மாற்றிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள். தங்கையின் புருஷன் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், “மாசக் கடைசிக்குள்ள ஒரு வேலையைத் தேடிக்கிட்டுக் கிளம்பச் சொல்லு” என்று தங்கையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, வானொலி நிலையத்தில் நாடகம் எழுத ஆள் கேட்டிருந்தார்கள். நிலைய இயக்குநர் அவள் விழுந்த படங்களையெல்லாம் பார்த்தவர். “நாலு வாரம் எழுதுங்கம்மா. நல்லா வந்தா நிரந்தரம், இல்லைன்னா போயிட்டு வாங்க” என்றார்.

மாமியார் மருமகள் கதை எழுதினாள். மாமியார் பக்கம் பக்கமாகத் திட்டுவாள். மருமகளுக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘இடது புருவத்தை உயர்த்தி ஒரு பார்வை. அதில் ஏழு வருஷ ஆத்திரம்.’ நாடகம் நேரடி ஒலிபரப்பு. மருமகளாக நடித்த பெண், பாவம், மைக் முன்னால் நின்று உயிரைக் கொடுத்துப் புருவத்தை உயர்த்தினாள். ஊரெல்லாம் ரேடியோப்பெட்டி கம்மென்று இருந்தது.

நிலையத்தில் ஒரு விதி உண்டு. இருபது விநாடி சத்தமில்லையென்றால், தயாராக வைத்திருக்கும் புல்லாங்குழல் ரெக்கார்டைப் போட்டுவிட வேண்டும். பொறியாளரோ விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆள். இருபத்தோராவது விநாடி குழல் கிளம்பியது. மாமியார் மறுபடி திட்டினாள், மருமகள் மறுபடி பார்த்தாள், மறுபடி குழல். அரைமணி நேரத்தில் ஆறு தடவை.

கடிதங்கள் குவிந்தன. ‘திட்டத் திட்ட அசராமல் குழல் வாசிக்கிறாளே, கெட்டிக்காரி!’ என்று ஒன்று. ‘என் மருமகளும் குழல் கேட்டு அடம்பிடிக்கிறாள், இதற்கு நிலையமே பொறுப்பு’ என்று இன்னொன்று. மூன்று வாரமும் இதே கூத்து.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். “குழலை யாரும்மா எழுதச் சொன்னா?”

“நான் எழுதலை சார். நான் எழுதினது புருவம்.”

“ரேடியோவுல புருவமா? என் தலையெழுத்து! வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? இந்த வாரம் மருமக பேசியாகணும். ஒரு தடவை குழல் கேட்டாலும் உங்களுக்கு வேலை இல்லை.”

மயக்கக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திட்டு வாங்குகிறவள் என்ன பேசுவாள்? அவளுக்கு எப்படித் தெரியும்? அடுப்படிக்குப் போய்த் தங்கையைக் கேட்டாள். “அவர் கத்தும்போது நீ என்னடி சொல்லுவே?”

“நான் என்னத்தக்கா சொல்றது? முறைப்பேன்.”

“அதுக்கு அவர்?”

“அவர் எங்கே என் மூஞ்சியைப் பார்க்கிறாரு?”

மயக்கக்கா விறுவிறுவென்று மாடியேறினாள். அன்றைக்கே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

ஒலிபரப்பு நாள். மாமியார் திட்டி முடித்ததும் பொறியாளர் ரெக்கார்டில் கை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

“அத்தை, நான் இப்போ உங்களை முறைக்கிறேன்” என்றாள் மருமகள். “இடது புருவம் மேல போயிடுச்சு. உதடு துடிக்குது. இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

மாமியாராக நடித்தவளுக்கு வசனமே மறந்துவிட்டது. “எங்கேடி?” என்று கேட்டுவிட்டாள்.

இயக்குநர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். “யோவ், இது பேச்சா, மௌனமா?”

பொறியாளர் புத்தகத்தைப் புரட்டினார். “சத்தம் வருது சார். விதிப்படி பேச்சுதான்.”

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். “நிரந்தரம் பண்ணித் தொலைக்கிறேன்.”

மயக்கக்கா வீட்டுக்கு ஓடினாள். வாசலுக்கு வரும்போதே உள்ளே தங்கை புருஷனின் குரல் கேட்டது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “உங்க அக்கா எப்போ கிளம்புறா? நாளைக்கே நான் அறையைப் பூட்டப் போறேன்.”

அன்றைய நாடகத்தை ரேடியோவில் கேட்டிருந்த தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் உங்களை முறைக்கிறேன்” என்றாள் சத்தமாக.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“எப்போலேர்ந்து?” என்றார்.

“கல்யாணமான மறுவாரத்துலேர்ந்து” என்றாள் தங்கை.