கறியை விட்டவன்

கடையின் இரும்புக் கதவைத் தூக்கியபடியே யெர்மெக் ஏழு தலைமுறைப் பெயர்களை முணுமுணுப்பான். அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா என்று ஏறிக்கொண்டே போய், ஏழாவது பெயர் தட்டாமல் வந்தால்தான் பழுதுபார்க்க வந்த முதல் செல்பேசியின் முதுகைத் திறப்பான். ஐந்தாவதில் நாக்கு சிக்கினால் முகம் வெளுத்துவிடும். வயது இருபத்தாறுதான்.

"என்னடா, மூளை இன்னும் இருக்கா, உருகிடுச்சா?" என்பான் எதிரே காலுறை விற்கும் தாலப். யெர்மெக் சட்டைப் பையிலிருந்து ஒரு அக்ரூட்டை எடுத்து உடைப்பான். உள்ளே பார்த்தால் மூளை மாதிரியே இருக்கிறதாம். அதனால் மூளைக்கு நல்லதாம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அப்பா கப்திராஷ் லாரி ஓட்டியவர். ஐம்பத்தெட்டு வயதிலேயே தலைக்குள் ரத்தக் குழாய் அடைத்து, மறதி கொஞ்சம் கொஞ்சமாக ஆளைத் தின்றுவிட்டது. இப்போது பெற்ற மகனையே, "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்கிறார். இளமையில் தின்ற கறியும் கொழுப்பும் பின்னால் மூளைக்கே வினையாகும் என்று ஒரு காணொளியில் கேட்ட நாளோடு யெர்மெக் குதிரை, ஆடு, மாடு எதையும் தொடுவதில்லை. "அடியோட விடச் சொன்னது யாரு? அளவாத் தின்னு, நல்லா நட, முதல்ல சிகரெட்டை விடு" என்றார் அப்பாவைப் பார்க்கும் டாக்டரம்மா. கறியை விட்டவனுக்குச் சிகரெட்டை விட மனம் வரவில்லை.

தால்திகோர்கான் மாதிரிக் குதிரைக்கறி ஊரில் கறி தின்னாமல் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரை பால்கனியில் உறைந்து கிடக்கிறது. "உலகத்துல நம்மளவிட அதிகமா கறி திங்கிறது ஓநாய் மட்டும்தான். நீ எதுல சேர்த்தி?" என்று அம்மா கரண்டியை ஓங்குவாள். அவன் தட்டிலிருந்து மாவுத் துண்டுகளை மட்டும் பொறுக்குவான். அவையும் கறிச்சாற்றில் வெந்தவைதான். அதை அவனும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

போன சனிக்கிழமை பங்காளிகளுக்குக் கறி விருந்து. யெர்மெக் விருந்தாளிகளின் கையில் தண்ணீர் ஊற்றினான். கறியை அரிந்தது கப்திராஷ். கத்தியைப் பிடித்த கையில் தடுமாற்றமே இல்லை. உண்டு முடிந்ததும் மூத்தவர் மிஞ்சிய கறியைக் கைநிறைய அள்ளி இளையவர்களுக்கு ஊட்ட வேண்டும். மறுப்பது மரியாதையில்லை. யெர்மெக் செம்பும் கையுமாக மெல்ல வாசல் பக்கம் நழுவினான்.

"யெர்மெக்! எங்கடா ஓடுற? இங்க வாடா, எம்புள்ள!"

கூப்பிட்டது அப்பா. அம்மா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மகன் பெயரைச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

அவர் நீட்டிய கையில் கறி குவிந்திருந்தது; விரலிடுக்கில் கொழுப்பு வழிந்தது. அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் முன் மண்டியிட்டு, ஆவென்று வாயைத் திறந்தான்.