அம்புக்குறி ஒட்டிய நாவல்

முத்துப்பேச்சியின் கை சும்மா இருக்காது. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் கைக்குத் தனியாக ஒரு கண் முளைத்துவிட்டது. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ பட்டால் போதும். அவள் யோசிப்பதற்குள் விரல் ரோலிலிருந்து ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரைக் கிள்ளி, குறையைக் காட்டுகிற மாதிரி ஒட்டிவிடும். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சட்டையின் தோள் தையலைத் தடவிப் பார்க்கப் போய், அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பமே கிளம்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடத்தை உரக்கப் படிக்க வேண்டுமென்றால் டீச்சர் அவளைத்தான் எழுப்புவார். ஊரைவிட்டு வந்தபின் அது ஒன்றுக்குத்தான் அவள் ஏங்கினாள்.

எதிர் மேஜையில் தரணி. ஊத்துக்குளியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். சாப்பாட்டு நேரத்தில் தெற்கிலிருந்து வந்த பெண்கள் மாடிப்படிக்குக் கீழே உட்காருவார்கள். வேனில் வரும் பெண்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் வந்தவை இரண்டே இரண்டு. தரணியின் கெட்டித் தயிர், பேச்சியின் புளிக்குழம்பு.

இரண்டாயிரத்து எட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. கம்பெனி ஜெனரேட்டர் தையல் மிஷின்களுக்கு மட்டும்தான் ஓடும். செக்கிங் பெண்கள் ஜன்னலோரம் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒருநாள் தரணி பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள். அட்டையில் இரண்டு சைக்கிள்.

"லைப்ரரில எடுத்தேன். எனக்கு வாய்விட்டுப் படிக்க வராது. நீ படி புள்ள."

பேச்சிக்கு நூலகத்தில் சேர உள்ளூர் விலாசம் கிடையாது. புத்தகத்தை வாங்கியதுமே முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

கதை ஒரு வாய்க்காலின் இரண்டு கரைகளில் நடந்தது. மேல்கரைப் பையன்களுக்குத் தலைவன் செந்தில், கீழ்கரைக்கு மாசி. ஒரே பள்ளிக்கூடம், ஆனால் ஆகாது. பாலத்தில் யார் முதலில் போவது என்பதிலிருந்து அடிதடி வரை எல்லாம் இருந்தது. கரண்ட் போனதும் "வாசி, வாசி" என்று பெண்கள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். கரண்ட் வந்தால் முனகிக்கொண்டே எழுந்தார்கள்.

செந்தில் தலைமையாசிரியரிடம் பொய் சொல்லி மாசியை மாட்டிவிட்ட இடத்தில் பேச்சியின் கை வேலையைக் காட்டியது. ஒரு சிவப்பு அம்பைக் கிள்ளி அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டது.

"ஏட்டி, செந்தில் டேமேஜ் பீஸாம்ல!" என்று சித்ராதேவி கைதட்டினாள். பேச்சியின் ஊர்ப்பக்கத்துப் பெண், பேச்சில் சூடு அதிகம்.

"உங்க மாசி மட்டும் பர்ஸ்ட் குவாலிட்டியாக்கும்?" என்று சொல்லி, மாசி செந்திலின் சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்கிய பக்கத்தில் ஒரு மஞ்சள் அம்பை ஒட்டினாள் தரணி. அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு கொஞ்ச நாள்தான். படிக்குக் கீழே உட்காருகிறவர்கள் சிவப்பு, தொட்டிப் பக்கத்தவர்கள் மஞ்சள் என்று ஆகிவிட்டது. புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து நின்றது. ஒருநாள் கதையில் செந்திலின் சைக்கிள் உடைந்தது. உடைந்தது யார் தப்பு என்ற பேச்சு எங்கெங்கோ போனது.

"வந்த எடத்துல வாயப் பாரு," என்றாள் வேனில் வரும் ஒருத்தி.

"நாங்க வரலன்னா ஒங்க ஊரு பனியன யாரு செக் பண்ணுவா?" என்றாள் சித்ராதேவி.

தரணி புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். கையில் அகப்பட்ட அம்பு ஒன்றை உரித்தாள். கூடவே ஒரு முழு வரி எழுத்தும் உரிந்து வந்துவிட்டது.

"என்ற பேர்ல எடுத்த புக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா இனி என்னைய உள்ள உடுவாங்களா?" தரணி உரிந்த பக்கத்தை விரித்துக் காட்டினாள். பேச்சியைப் பார்த்தாள். "ஒட்ட ஆரம்பிச்சது நீதான?"

மறுநாள் தரணி எதிர் மேஜையில் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு மேஜைக்கு மாறியிருந்தாள். பேச்சி புளிக்குழம்பைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனாள். கதை முடியாததுகூடப் பெரிதாகப் படவில்லை. பீஸைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தால் எதிரே அந்த முகம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

யோசித்து யோசித்து ஒன்று ஞாபகம் வந்தது. அம்பை எடுக்க மறந்து ஒரு பீஸை அயர்ன் மேஜைக்கு அனுப்பிவிட்டு அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். அப்போது சூட்டில் பசை இளகி ஸ்டிக்கர் தானாக நழுவியதைப் பார்த்திருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் தொட்டிப் பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கம் அவள் போனது அதுதான் முதல் தடவை.

"புக்கக் குடு தரணி."

"எதுக்கு? இன்னும் ஒட்டறதுக்கா?"

"குடேன்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், அயர்ன் மேஜையில் ஒரு பக்கத்தை விரித்தாள். மேலே வெட்டுத்துணி போட்டு, அயர்ன் பாக்ஸைப் பட்டும் படாமலும் வைத்து எடுத்தாள். அம்பின் முனையை நகத்தால் நிமிண்டினாள். எழுத்துக்கு ஒன்றும் ஆகாமல் கழன்று வந்தது. இப்படியே ஏழெட்டு அம்புகள் எடுத்திருப்பாள். பக்கத்தில் இன்னொரு கை வந்து துணியை இழுத்துப் பிடித்தது.

"சித்த மெதுவா. தாள் கருகீரும்," என்றாள் தரணி.

இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். உரிந்துபோன பக்கம் வந்தபோது பேச்சியின் கை நின்றது. தூக்கைப் பிடுங்கிய வரி இருந்தது. அதற்கு அடுத்த வரியைக் காணோம்.

"'மாசி அன்று சாப்பிடாமல் பள்ளிக்கு வந்திருந்தான் என்பது செந்திலுக்குத் தெரியாது,'" என்றாள் தரணி.

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். "நீ செந்தில் கட்சிதான?"

"அதுக்காவ? காதுல உழுந்தது உழுந்ததுதான புள்ள." பீஸில் குறிக்கிற பென்சிலை எடுத்து வெற்றிடத்தில் அந்த வரியைப் பொடி எழுத்தில் எழுதினாள். "அம்பு ஒட்டறப்பவே வெசனமாத்தான் இருந்துச்சு."

அடுத்த மின்வெட்டில் மீதிக் கதையைப் படித்தாள் பேச்சி. தரணி எதிரே உட்கார்ந்திருந்தாள். முதலில் தள்ளி நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியில் மாசியின் அப்பா படுத்துவிடுகிறார். மாசி படிப்பை விட்டுவிட்டு வேலைக்காக வெளியூர் பஸ் ஏறுகிறான். சரி செய்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு செந்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான்; கூப்பிட வாய் வரவில்லை. பஸ் கிளம்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

யாரும் ரோலைத் தொடவில்லை. அந்த ஜன்னலோரம் இருந்தவர்களில் பன்னிரண்டாவது முடித்தவள் ஒருத்திகூட இல்லை.

சித்ராதேவிதான் கேட்டாள். "எந்த ஊருக்குப் போனாம்னு போடலையா?"

"போடல," என்றாள் பேச்சி.

"வேற எங்க போவான்? நம்மூருக்குத்தான் வந்திருப்பான்," என்றாள் தரணி. "கட்டிங்ல இருப்பானா இருக்கும்."

"அந்தக் கோவத்துக்குச் சாயப்பட்டறைதான் சரி," என்றாள் அன்று சண்டை போட்ட வேன்காரி.

"போங்கட்டி, அங்கெல்லாம் அவன விடாதீங்க. பாவம்," என்றாள் சித்ராதேவி.

கரண்ட் வந்தது. எழுந்து போகும்போதும் மாசிக்கு எந்தக் கம்பெனியில் வேலை வாங்கித் தரலாம் என்றுதான் பேச்சு. பேச்சி மேஜைக்குத் திரும்பி ஒரு பீஸை விரித்தாள். எதிர் மேஜைக்கே திரும்பி வந்த தரணி தன் அம்பு ரோலை எடுத்து வைத்துக்கொண்டு, "சாயந்திரம் புக்கக் குடுக்கப் போறேன். நீயும் வா. அடுத்தத என்ற கார்டுல நீ எடு," என்றாள்.