கடத்தி

என் மருமகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் ஒன்றில் மட்டும் பெயிலானவள். மற்ற பாடமெல்லாம் பாஸ். நர்சுக்குப் படிக்க அந்த ஒன்று வேண்டுமாம். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், அதை மறுபடி எழுதுகிறேன் என்றாள். என் மகன் ஐஸ் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன்.

"ஒரு வாட்டி எழுது. இதுலயும் போச்சுன்னா உட்டுடணும். அப்பறம் அம்மாகூட மீன் கூடை தூக்கு" என்றான். அவள் சரி என்றுவிட்டாள்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில், ரோட்டுக்குக் கடல் பக்கம். விடியலில் கரையில் மீன் எடுத்து, ரோட்டோரம் உட்கார்ந்து விற்றுவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்த என்னிடம் அவள் புத்தகத்தை நீட்டினாள்.

"நான் பாக்காம சொல்றேன் அத்த. நீ பாத்துகினே வா. ஒரு வார்த்த உட்டாலும் நிறுத்து."

"நான் அஞ்சாவதுதாம்மா. எனக்கு இன்னா தெரியும்."

"உனக்குத் தெரியவே வேணாம். எழுத்து தெரிஞ்சா போதும்."

எழுத்து தெரியும், கூட்டிக் கூட்டிப் படிப்பேன். என் கையில் எத்தனை தடவை சோப்பு போட்டாலும் மீன் வாடை போகாது. புத்தகத்தில் விரல் வைக்கக் கூச்சமாக இருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக் கழுவி, அதை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். அவள் வேகமாகச் சொன்னால் குச்சி பின்தங்கிவிடும். "இரும்மா" என்பேன். நிற்பாள். தினமும் மத்தியானம் இப்படித்தான்.

என்ன படிக்கிறோம் என்பது பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. பூவைப் பற்றிய பாடத்தில் சூல் என்று வந்தது. மாட்டுக்குச் சினை, மீனுக்குச் சினை, பெண்ணென்றால் முழுகாமல் இருக்கிறாள் என்போம். பூவுமா சூல் கொள்ளும்? அடுத்து மகரந்தச் சேர்க்கை. சேர்க்கை என்றால் பள்ளிக்கூடச் சுவரில் 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது' என்று எழுதியிருப்பார்களே, எனக்குத் தெரிந்தது அதுதான். பூவை எதில் சேர்க்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. மனித உடம்பைப் பற்றிய பாடத்தில் போட்டிருந்த படங்களைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் இரண்டு வரியை விட்டுவிட்டாளாம், நான் கண்டுபிடிக்கவில்லை.

"அத்த, தூங்கிட்டியா?"

"ம்" என்றேன்.

எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மருமவ படிக்கிறா, நீ குச்சி வெச்சிகினு குந்திகினு கீற. யாருக்கு யாரு டீச்சரு?" என்று கேட்டாள். எனக்கு முகம் கூசிவிட்டது. மருமகள்தான் பதில் சொன்னாள். "ரெண்டு பேரும் பரீச்ச எழுதப் போறோம். நீயும் வா, பிட்டு குடுக்க ஆளில்ல."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அம்மா அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்னென்ன வரும் என்கிற பாடம் வந்தது. அதில் நிறக்குருடு என்று ஒரு தலைப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம். ஒப்பித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அத்த, உம் புள்ள நேத்து பழம்னு சொல்லி தக்காளிக் காயா பொறுக்கிகினு வந்தாரே. பஸ் ஓட்ற வேலைக்குப் போனப்ப, புள்ளி புள்ளியா படத்தக் காட்டி உள்ள இன்னா நம்பருன்னு கேட்டாங்க, தெரியலன்னு அனுப்பிட்டாங்கன்னு சொன்னாரே. அது இதுதான்."

"எதும்மா?"

"இந்த நிறக்குருடு. அம்மாகிட்டேர்ந்து புள்ளைக்கு வர்றது." புத்தகத்தில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "இதோ பாரு. நீதான் அத்த கடத்தி."

சிரித்துக்கொண்டே சொன்னாள். என் குச்சி அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். அவளுடையது செங்கல்பட்டுக்கு அந்தண்டை பயிர் வைக்கிற குடும்பம். என் மகனும் அவளும் விரும்பினார்கள். ஒரு நாள் கையில் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாளே அவள் அப்பா, மகளைக் கடத்திவிட்டார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். அதில் என் பெயரும் இருந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பதினெட்டு முடிந்துவிட்டது, நானாகத்தான் வந்தேன் என்று அவள் எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள். அன்றிலிருந்து பேப்பரில் கடத்தல் என்று பார்த்தால்கூட அந்தப் பக்கத்தை மடித்துவிடுவேன்.

இப்போது அவளே சொல்கிறாள். புத்தகத்திலும் அச்சிட்டிருக்கிறது. குச்சியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன், அதேதான். எங்கள் வீட்டுச் சங்கதி பாடப் புத்தகத்துக்குள் எப்படிப் போனது? படிப்பு விட்டுப்போனதற்கு நான்தான் காரணம் என்று மூன்று வருஷமாக மனதில் வைத்திருந்து இன்றைக்குச் சொல்லிவிட்டாளா? அப்படியென்றால் ஏன் சிரித்தாள்? எதுவும் விளங்கவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் மீன் விற்கவில்லை என்று சாக்குச் சொல்லிச் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. புத்தகத்தை நீட்டினால் "கண்ணு தெரியலம்மா" என்பேன். கேட்டுவிட்டிருக்கலாம்தான். நான் கேட்கிற ஆள் இல்லை. நாலைந்து நாளில் அவளும் நீட்டுவதை நிறுத்தினாள். தனியாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதை விட்டாள், எதில் தப்பினாள் என்று பார்க்க ஆளில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், அவர்கள் பேசுவது கேட்டது.

"ஹால் டிக்கெட் எடுக்கணுமே, மாமல்லபுரம் போலாமா?" இது என் மகன்.

"வேணாம். நான் எழுதல."

"இன்னாடி புதுசா?"

"அத்தைக்கு நான் படிக்கிறது புடிக்கல. மூஞ்சி குடுத்துப் பேசியே ரெண்டு வாரமாச்சு. எங்கூட்ல எவனும் என்னோட பேசறதில்ல. இங்க கீற ஒரு ஆளும் போச்சுன்னா அந்தப் பேப்பர வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

"அம்மா உங்கிட்ட சொல்லிச்சா?"

"சொல்லணுமா?"

கரண்டியோடு வெளியே வந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

"நான் உன்னக் கடத்தலம்மா. நீயாத்தான வந்த. ஸ்டேஷன்ல நீதான எழுதிக் குடுத்த. இப்ப என்னக் கடத்தின்னு சொல்றியே."

என் மகன் விழித்தான். அவள் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். சிரிக்கப் போனவளுக்கு அழுகையும் கூடவே வந்துவிட, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அந்தக் கடத்தல் இல்ல அத்த. உனக்குள்ள ஒண்ணு கீது. உன்னிய அது ஒண்ணும் பண்ணாது. உனக்கே தெரியாம புள்ளைக்குப் போய்ச் சேந்துடும். கொண்டுபோய்க் குடுக்கறவங்கள புக்குல அப்படித்தான் சொல்லுவாங்க."

சாக்பீஸால் தரையில் வட்டமும் கட்டமும் போட்டாள். கடத்தியாக இருக்கிற அம்மாவுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது வரும் என்றாள்.

"எனக்குக் கீறது ஒரே புள்ள. அதுல பாதின்னா?"

"அப்ப எனக்கு ஒரு கண்ணுதான் குருடு" என்றான் மகன்.

"நீ சும்மா இருய்யா" என்று அவனை அடக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். எனக்கு ஏறவில்லை. என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்திருக்கலாமாம், இல்லை அம்மாவிடமிருந்தும் இருக்கலாமாம். கொடுத்தவள் நான், ஆனால் கொடுத்தது எனக்கே தெரியாது என்றால் அது என்ன கணக்கு? பஸ் வேலை போனது என்னாலா என்று மகனைக் கேட்டேன். "வேன் ஓட்டிகினுதான கீறேன், உடும்மா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஒரு வாரம் நான் கரைக்கே போகவில்லை. காலையில் பூ, மத்தியானம் உடம்பு என்று முறை வைத்துக்கொண்டோம்.

பரீட்சை செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற முதல் பஸ்ஸில் ஏறினோம். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நின்ற ஒரு அம்மா, "உங்க பேத்தியா எழுதுது?" என்று கேட்டாள். மருமகள் என்றேன். மணி அடித்து வெளியே வந்த மருமகள் நேராக என்னிடம் வந்தாள்.

"நல்லாத்தான் எழுதிகீறேன். நீ தூங்கின பாடத்துலதான் ரெண்டு கேள்வி போச்சு" என்றாள். பஸ் வரும் வரை நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ரிசல்ட் வந்த காலையில் ரோட்டோரம் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாஸ் என்றாள். மார்க்கையும் சொன்னாள். அது அதிகமா குறைச்சலா என்று எனக்குத் தெரியவில்லை.

"போதுமா?" என்று கேட்டேன்.

"பாஸுக்குப் போதும். நர்சு சீட்டு கெடைக்குமான்னு எழுதிப் போட்டுத்தான் பாக்கணும் அத்த."

பாஸானால் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது? மீன் வாங்க வந்தவர் நேரமாகிறது என்றார்.

"என்னிக்கி எழுதணும்னு சொல்லு" என்றேன். "அன்னிக்கி நான் மீன் எடுக்கல."