ரஃப் நோட்டு எண் 2218

கடற்படை என்றால் கடலில் இருப்பது என்று நினைக்கிறவர்கள் அந்த நிலவறைக்குள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். துறைமுக அலுவலகத்துக்கு அடியில் பதினேழு படி இறங்கினால், கடற்படையில் பாதி அங்கேதான் கிடக்கிறது. உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்ட கப்பல்கள், மூழ்கிய கப்பல்கள், கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டாமலே விட்ட கப்பல்கள், எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. அத்தனைக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே காவல். கதவுப் பலகையில் 'பதிவறைக் காப்பாளர்' என்று எழுதியிருக்கும். மற்றவர்களுக்கு அவர் 'பக்கம் சார்'.

அந்தப் பெயரை அவரே உழைத்துச் சம்பாதித்தார். யார் எதைச் சொன்னாலும் "எத்தனாவது பக்கம்?" என்று கேட்டுவிடுவார். பெரிய அதிகாரி வந்து, "அந்தக் கப்பல்ல நாலு பீரங்கி இருந்துச்சு" என்றாலும் அதே கேள்விதான். பக்கம் சொல்லாத பேச்சு அவருக்குப் பேச்சே இல்லை. வீட்டிலும் இப்படித்தானா, மனைவி சோறு வெந்துவிட்டது என்றால் பக்கம் கேட்பாரா என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். அவருக்கு மனைவி இல்லை என்பது கேலி செய்தவர்களுக்கும் தெரியும்.

துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்க வேண்டும். பூச்சி அரித்த ஓரங்களைத் தூரிகையால் துடைக்க வேண்டும். பருத்தி நாடாவால் கட்டி, அட்டைப் பெட்டியில் படுக்கப்போட்டு எண் எழுத வேண்டும். அவர் வேலை இவ்வளவுதான். நிலவறைக்குள் யாரும் பேனா கொண்டுவரக் கூடாது, பென்சில் மட்டும். தண்ணீர் பட்டால் மை கரைந்து ஓடும், பென்சில் எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். இதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

காரணம் அவருடைய அக்கா வீட்டில் இருந்தது.

அம்மா இல்லாத பிள்ளையை எட்டு வயது மூத்த அக்காதான் வளர்த்தாள். கல்யாணமாகிப் போனபோது தம்பியையும் கையோடு கூட்டிப் போனாள். அத்தான் கடற்படையில் எஞ்சின் அறை ஆள். மச்சானும் கூடவே வருகிறானே என்று ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. "படிச்ச பையன் சார், வெயில்ல நிக்க மாட்டான். நிழல்ல ஒரு வேலை குடுங்க" என்று தன் அதிகாரியிடம் சொல்லி, பூமிக்கு அடியிலேயே நிழல் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அடுத்த இரண்டாம் ஆண்டு, புயல் நாளில் அத்தானின் ரோந்துக் கப்பல் துறைமுக வாய்க்கு வெளியே மூழ்கியது. பத்தொன்பது பேர் செத்தார்கள். துறைமுக அலுவலக வாசலில் அவர்கள் நினைவாக ஒரு கருங்கல் நட்டார்கள். அதில் பதினெட்டுப் பெயர்கள்தான் இருக்கின்றன.

கடல்நீர் வால்வைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார், அதனால்தான் தண்ணீர் ஏறியது என்று விசாரணை சொன்னது. அந்த நேரத்தில் எஞ்சின் அறைப் பொறுப்பு அத்தானுடையது. ஆதாரம் ஒரே ஒரு வரி: 'இரண்டு மணிக்கு வால்வு திறக்கப்பட்டது. மூடியதாகக் குறிப்பு இல்லை.' முதல் ஆண்டு நினைவு நாளில், கல்லுக்குப் பூ வைக்க அக்காவும் போனாள். குடும்பத்தாருக்குப் பதினெட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பெண் அக்காவைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரரைக் கொன்னுட்டு இங்க எதுக்கு வந்தே?" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

"வீட்டுக் குழாயையே ரெண்டு தடவை திருகிப் பாத்துட்டுப் படுக்கிற மனுஷன்டா" என்று மட்டும் சொல்லுவாள். "நீ அங்கதானே இருக்கே. தேடிப் பாரு."

அவர் தேடினார். கல்லில் நார் உரிக்கிற வேலை. காப்பாளராகப் பதவி உயர்ந்த பிறகுதான் விசாரணைக் கோப்பையே கண்ணால் பார்த்தார். அந்த ஒரு வரி ஃபேர் காப்பியிலிருந்து எடுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பலில் மணிக்கு மணி பென்சிலால் கிறுக்குவது ரஃப் நோட்டு. அதைப் பார்த்து நிதானமாக மையில் எழுதுவது ஃபேர் காப்பி. இந்த ஃபேர் காப்பியைக் கப்பல் மூழ்கிப் பன்னிரண்டாம் நாள், அந்தக் கப்பலில் கால் வைக்காத ஓர் அதிகாரி கரையில் உட்கார்ந்து எழுதியிருந்தார். உயிர் தப்பிய ஒருவர் சட்டைக்குள் செருகிக் கொண்டுவந்த ரஃப் நோட்டைப் பற்றிக் கோப்பில் ஒரு குறிப்பு: 'நனைந்தது, படிக்க இயலவில்லை, பதிவறைக்கு அனுப்பப்பட்டது.' எண் போடவில்லை.

பென்சில் எழுத்து நனைந்தால் படிக்க முடியாதா? அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கேட்பாள், "கிடைச்சுதா?" ஒவ்வொரு ஞாயிறும் அவர், "இன்னும் ரெண்டு அறை இருக்குக்கா" என்பார்.

அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. அக்காவுக்கு டாக்டர் அவ்வளவுகூடக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் பழைய தலைமையகத்தை இடிக்கிறார்கள் என்று நாற்பது மரப்பெட்டிகள் வந்து இறங்கின. ஏழாவது பெட்டியில் பச்சை அட்டை போட்ட வரவுப் பதிவேடு இருந்தது. எந்த எண் எந்தக் கப்பலுடையது என்று சொல்லும் ஒரே புத்தகம் அதுதான். அறுபத்தோராம் பக்கத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பொறுமையாக எழுதியிருந்தார்: '2218. ரோந்துக் கப்பல், எஞ்சின் அறை ரஃப் நோட்டு. நனைந்து உப்பியுள்ளது. பென்சில். படிக்க முடிகிறது.'

படிக்க முடிகிறது. அவர் அந்த வரியை நான்கு முறை படித்தார். பக்கத்தில் அலமாரி இடம் குறித்திருந்தது: இரண்டாம் அறை.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டாம் அறையைக் காலி செய்தவர் அவர். ஃபேர் காப்பி இருந்தால் ரஃப் நோட்டு வேண்டாம் என்று ஓர் உத்தரவு வந்திருந்தது. அழிக்குமுன் எண்ணை வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. பதிவேடு தலைமையகத்தில் இருந்தது, வரவழைக்க இரண்டு வாரம் ஆகும். முதுகில் எண் மட்டும் ஒட்டிய நோட்டுகள். கப்பல் பெயர் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு மாதம் கேட்ட வேலையை, திறக்காமலே, எண்ணை மட்டும் எழுதி, பதினோரு நாளில் முடித்துக் காகிதக் கூழுக்கு அனுப்பினார். வேலியே பயிரை மேய்ந்த கதை. அத்தான் விஷயம் தலைமையகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்.

அழிப்புப் பட்டியலை எடுத்தார். 2201 முதல் 2260 வரை ஒரே தாள். 'காரணம்' என்ற பத்தியில், முதல் வரியில் அவருடைய உருண்டை எழுத்தில் 'தேவையில்லை'. அதற்குக் கீழே ஐம்பத்தொன்பது 'மேற்படி'. அடியில் கையெழுத்து.

கட்டுப் போட்ட நாளும் நினைவுக்கு வந்தது. ஒரு நோட்டு மட்டும் உப்பிப்போய்க் கட்டுக்குள் அடங்கவில்லை. முழங்காலை அதன்மேல் வைத்து, அழுத்தி, நாடாவை இறுக்கினார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினோரு நாளுக்காக அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அக்கா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அத்தான் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். வருகிறவர்களிடம், "ரெண்டு மாச வேலை, என் தம்பி பதினோரு நாள்ல முடிச்சான்" என்பாள்.

ஞாயிறு பிற்பகல் பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். சாகப் போகிறவளுக்கு ஒரு பொய். யாருக்கு என்ன நஷ்டம்? ஜன்னலோரக் கட்டிலில் அக்கா சுருண்டு கிடந்தாள். அவள் மகள் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சுக்கா" என்றார். "ரெண்டு இருபதுக்கு அத்தான் வால்வை மூடியிருக்காரு. மூடிட்டேன்னு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்காரு."

அக்காவின் முகம் விரிந்தது. அப்படி ஒரு முகத்தை அவர் முப்பத்துமூன்று ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. தம்பியைச் சீண்டிப் பார்க்கும் தெம்புகூட அவளுக்கு வந்துவிட்டது.

"எத்தனாவது பக்கம்டா?"

முப்பது என்றிருக்கலாம், நாற்பது என்றிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். பார்க்காத பக்கத்தை வாழ்நாளில் சொல்லிப் பழகாத வாய் திறந்தபடியே நின்றது. அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"தம்பி?"

எல்லாவற்றையும் சொன்னார். பச்சைப் பதிவேடு, இரண்டாம் அறை, பட்டியல், முழங்கால். அக்கா கண்ணை மூடாமல் கேட்டாள்.

"அதுல இருந்துச்சாடா, மூடினாருன்னு?"

"தெரியாதுக்கா."

"ஒரு பக்கம்கூடப் பிரிச்சுப் பாக்கலையா?"

"இல்லக்கா."

அவள் சுவரில் இருந்த பாராட்டுக் கடிதத்தைக் காட்டி, "அதைக் கழட்டிரு" என்றாள். "அவரு படம் தனியா இருக்கட்டும்."

அவர் ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றினார். சட்டம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக இருந்தது. அதன் பிறகு அக்கா ஒன்பது நாள் இருந்தாள். அவர் மூன்று முறை போனார். "சாப்டியா?" என்று ஒருமுறை கேட்டாள். கிடைச்சுதா என்று கேட்கவில்லை.

ஓய்வு பெறும் வாரத்தில், 'இழந்த பதிவுச் சீட்டு' ஒன்றை எடுத்தார். யாராவது கேட்டு வந்த பதிவு காணாமல் போயிருந்தால் கோப்பில் சேர்ப்பதற்காக அவரே வகுத்த படிவம். பச்சைப் பதிவேட்டின் நகலை அதோடு இணைத்தார். விசாரணைக் கோப்பில் கடைசிப் பக்கம் நூற்றுப்பதினாறு. சீட்டுக்கு நூற்றுப்பதினேழு என்று போட்டார். அதைப் பார்த்த மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"போற நேரத்துல எதுக்கு சார் உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க? இதனால கல்லுல பேரு வந்துருமா?"

"வராது சார்."

"அப்புறம்?"

"பக்கம் போட்டாச்சு சார்."

அறைக்குத் திரும்பி, பென்சிலைச் சீவி, மீதிக் கட்டங்களை நிரப்பினார். அழித்தவர் என்ற இடத்தில் தன் பெயர். படிக்கப்பட்டதா என்ற இடத்தில் 'இல்லை'. காரணம் என்ற இடத்தில், அன்று எழுதியதையே எழுதினார்: 'தேவையில்லை.' கடைசியாக ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. அதை நிரப்பத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.

கேட்டவர்: என் அக்கா.