மரவள்ளிக்குப் பகல் காவல்

மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் சந்துக்கு நான் காவல் நின்றிருக்கிறேன். சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். முழுக் கதையையும் கேட்டபின் யாரும் சிரித்ததில்லை.

ஜப்பான்காரன் காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. என் கணவரைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் பின்னால் உயிரோடு திரும்பி வந்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

எங்கள் சந்தில் பதினான்கு அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள். எங்களைப் போன்ற தமிழர்கள், தலைமுறைகளாக மலாக்காவிலேயே இருந்து மலாய் பேசும் செட்டிக் குடும்பங்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் கலந்து இருந்தோம். அரிசிப் பங்கீடு பாதி வாரத்துக்குக்கூட வராது. வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளிதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கிழங்கு களவு போக ஆரம்பித்தது.

ஒவ்வொரு சந்திலும் காவல் குழு வைக்க வேண்டும் என்பது ஜப்பானியர் உத்தரவு. வீட்டுக்கு ஓர் ஆண், கையில் தடி, புஜத்தில் எழுத்துப் போட்ட வெள்ளைத் துணிப்பட்டை. புதிதாக யார் வந்து தங்கினாலும் ஏட்டில் பதிய வேண்டும். திருடனைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு செட்டிக்காரர். முன்பு நகராட்சியில் குமாஸ்தாவாக இருந்தவர். தமிழ் பேச வராது. ஆனால் சாமி கும்பிடுவதில் எங்களைவிடக் கண்டிப்பு. அவரோடு பேச்செல்லாம் மலாயில்தான். என்னைத் ‘தங்காச்சி’ என்பார்; நான் அவரை ‘எஞ்சே’ என்பேன், ஐயா என்பது போல. அவரிடம் ஒன்பது ஆண்கள் இருந்தார்கள். ராத்திரி முழுவதும் சுற்றிவிட்டுப் பகலில் கட்டையாகக் கிடந்து தூங்குவார்கள். அப்படியும் களவு நிற்கவில்லை.

ஒரு பங்கீட்டு நாள். பண்டார் ஹிலிர் பக்கம் போய் வரிசையில் நின்று, அரிசி வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பினேன். கொல்லையில் நான்கு மரவள்ளிச் செடிகள் இலேசாகச் சாய்ந்து நின்றன. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. கிழங்கை முறித்துக்கொண்டு, சந்தேகம் வராதபடி தண்டைத் திரும்ப நட்டுவிட்டுப் போயிருக்கிறான். கோபத்தில் அழுகை வந்தது. ஆனால் இலைகளைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. இலை அப்போதுதான் துவள ஆரம்பித்திருந்தது. முந்தைய ராத்திரி பிடுங்கியிருந்தால் அந்த வெயிலுக்குச் சருகாகச் சுருண்டிருக்கும்.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“எஞ்சே, திருடன் ராத்திரி வர்றதே இல்ல. நாங்க வரிசையில நிக்கிற நேரத்துலதான் வர்றான். ஆம்பளைங்க தூங்குறாங்க, பொம்பளைங்க வீட்டுல இல்ல. அவனுக்கு அது நல்லாத் தெரியுது.”

“யார் சொன்னது?”

“இலை சொல்லுது. வந்து பாருங்க.”

வந்து பார்த்தார். தண்டை முகர்ந்தார். முறிந்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. பிறகு, “பகல்ல நிக்க ஆள் ஏது தங்காச்சி?” என்றார்.

“நான் நிக்கிறேன். இன்னும் மூணு பேரச் சேத்துக்கிறேன்.”

ஆண்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு துணிப்பட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். நான் அதை ரவிக்கைக் கையின்மேல் கட்டிக்கொண்டேன்.

அடுத்த பங்கீட்டு நாளில் எங்கள் அட்டைகளை மற்ற பெண்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு நாங்கள் நான்கு பேர் பின்தங்கினோம். பக்கத்து வீட்டுச் சீனத்தி ஒருத்தி. எல்லாரையும்விட அதிகமாகக் கிழங்கு பறிகொடுத்தவள் அவள். ஆளுக்கொரு மூலையில், கையில் மண்ணெண்ணெய்த் தகரமும் கட்டையுமாக உட்கார்ந்தோம். வாசல் கதவுகளையெல்லாம் வெளியே பூட்டிவிட்டோம், ஆள் இல்லாத சந்து போலத் தெரிவதற்காக.

உச்சிப் பொழுதில் சீனத்தியின் கொல்லையில் செடி அசைந்தது. அவள் தகரத்தைத் தட்டினாள். நாங்கள் மூவரும் தட்டினோம். அந்தச் சத்தத்தில் சந்தே அதிர்ந்தது. ஆண்கள் தூக்கக் கலக்கத்தோடு தடியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியே ஓடிவந்தார்கள். ஆனால் ஓடிப் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவனால் ஓட முடியவில்லை. இரண்டு காலும் நீர் கோத்து யானைக்கால் போல வீங்கியிருந்தன. இடுப்பில் சாக்குத்துணி. கையில் மண்ணோடு ஒரு கிழங்கு. அதைப் பச்சையாகவே கடித்திருந்தான்.

ஒருவர் தடியால் ஓர் அடி வைத்தார். “அம்மா!” என்று அலறினான். தமிழ்ச் சத்தம். நான் குறுக்கே போய் நின்றேன்.

“எந்த ஊரு நீ?”

“தோட்டத்து ஆளுக்கா. சயாமுக்கு ஏத்திட்டுப் போனாங்க. லாரியிலேருந்து குதிச்சிட்டேன். புக்கிட் காதில் பக்கம் பெலுக்கார் புதர்க்காட்டுல ஒளிஞ்சிருந்தேன். தோட்டத்துக்குப் போனா மறுபடியும் பிடிச்சிருவாங்க.”

தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. திருடன் என்றால் ஒரு தண்டனை. சயாம் லாரியிலிருந்து ஓடியவன் என்றால் அதைவிடப் பெரிய தண்டனை. மறைத்தவர்களுக்கும் சேர்த்து.

“பொழுது சாயுறதுக்குள்ள ஒப்படைக்கணும்,” என்றார்.

“ஒப்படைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா எஞ்சே?”

“தெரியும். மறைச்சா என் தலை போகும். அதுவும் தெரியும்.”

அடித்தவர் சொன்னார்: “திருடனப் பிடிக்கத்தானே காவல் நிக்கிறோம்?”

சீனத்தி அவன் கையிலிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னாள்: “கிழங்கு என்னுது. நானே சும்மா இருக்கேன். உங்களுக்கு என்ன?”

எனக்கு அப்போதுதான் அந்த ஏடு ஞாபகம் வந்தது.

“புது ஆள் வந்தா பதியணும், அவ்வளவுதானே உத்தரவு? ஏட்டுல என் வீட்டுக்கான பக்கத்துல எழுதுங்க. என் அண்ணன். உடம்பு முடியாம தோட்டத்துலேருந்து வந்திருக்காரு. ஏதாவது ஆச்சுன்னா எழுதச் சொன்னது நான்தான்.”

தலைவர் ஏட்டை எடுத்துவரச் சொன்னார். குமாஸ்தா எழுத்து அழகாகவே விழுந்தது. அடித்தவர்தான் அவனைத் தோளில் தாங்கி என் வீடு வரைக்கும் கொண்டுவந்தார்.

நான்காம் நாள் மாத்தா ஒருவர் ஏடு பார்க்க வந்தார். மலாய்க்காரப் போலீஸ், கூடவே துப்பாக்கியோடு ஒரு ஜப்பானியச் சிப்பாய். இப்படி வருவார்கள் என்று தெரிந்து, என் அப்பா பெயர், அம்மா பெயர், நான் பிறந்த தோட்டம் என்று அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாத்தா அவனை எழுப்பி நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். சரியாகச் சொன்னான். கடைசியில், “உன் தங்கச்சி புருஷன் பேர் என்ன?” என்றார்.

அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. என் வாயால் ஒருநாளும் சொல்லிப் பழகாத பெயர்; அதனாலேயே மறந்துபோயிருந்தேன்.

அவன் தடுமாறவில்லை. “துவான், எங்க ஆளுங்க தங்கச்சி வீட்டுக்காரரப் பேர் சொல்ல மாட்டோம். மரியாதை இல்ல. மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவோம்.”

மாத்தா என் பக்கம் திரும்பினார். “அப்போ நீ சொல்லு.”

“நானும் சொல்லக் கூடாது துவான்.”

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஏட்டைத் தூக்கிப் பிடித்து, கோயிலில் மந்திரம் படிப்பவர் போல மெதுவாகச் சொன்னார்: “உண்மைதான் துவான். எங்க சமயத்துல அப்படித்தான். பேர் இதுல இருக்கு, நான் வாசிக்கிறேன்.” வாசித்தார். பயந்தே பிறந்தவர் என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர்!

மாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிப்பாயிடம் சைகையில் ஏதோ விளக்கினார். அவனும் சிரித்தான். பிறகு மாத்தா ஏட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “இந்தச் சந்துல களவு எதுவும் இல்லையா?”

“இப்ப இல்ல துவான். பகல் காவல் வச்சிருக்கோம். இந்த அம்மாவோட யோசனை.”

என்னையும் என் புஜத்துப் பட்டையையும் மாத்தா ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வாரமே பக்கத்துச் சந்துகளுக்கும் பகல் காவல் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தச் சந்துப் பெண்கள் என்னிடம் கேட்க வந்தார்கள். பங்கீட்டு நாளில் பாதிப் பேர் வீட்டில் இருக்க வேண்டும், தகரத்தை எப்படித் தட்ட வேண்டும், இலையைப் பார்த்து நேரத்தை எப்படிச் சொல்வது என்று எல்லாருக்கும் காட்டினேன். மலாய்ப் பெண், சீனப் பெண் என்று யாரும் பார்க்கவில்லை. அவரவர் கொல்லைக்கு என்னைக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டிச் சந்தேகம் கேட்டார்கள். இன்னொன்றையும் நாங்களே முடிவு செய்தோம். பசியோடு வந்தவனுக்கு வாசலில் கேட்டால் ஒரு கிழங்கு. கொல்லையில் நுழைந்தால் தகரம். அதற்குப் பிறகு கேட்டு வாங்கியவர்கள்தான் அதிகம்.

தவிடும் முருங்கைக்கீரையும் சாப்பிட்டு அவனுடைய கால் வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்ததும் தானாகவே தடியை எடுத்துக்கொண்டு எங்களோடு பகல் காவலுக்கு வந்து உட்கார்ந்தான். ஜப்பான்காரன் போகும் வரை எங்கள் சந்திலிருந்து ஓர் ஆளைக்கூட நாங்கள் ஒப்படைக்கவில்லை.

சண்டை முடிந்து சில வருடம் கழித்து அவனுக்குத் தோட்டத்தில் கல்யாணம். ஏட்டில் எழுதியது எழுதியதுதான் என்று சொல்லி என்னை வரவழைத்தான். தாலி ஏறியபோது நாத்தனார் முடிச்சைப் போட்டது நான்தான். என் கணவர் வீட்டு மாப்பிள்ளைக்குரிய மரியாதை வேட்டி துண்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சீனத்தியும் தலைவரும் அவருக்கு இரண்டு பக்கமும்.