மரவள்ளியில் ஐந்து வகைச் சோறு

மலாயாவின் வடக்கே, எங்கள் கெடாவில் குளிர்காலம் என்று ஒன்று மனிதர்களுக்குக் கிடையாது. ரப்பர் மரங்களுக்கு மட்டும் உண்டு. தை பிறந்ததும் அவை இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, யாராவது வந்து துணி கொடுப்பார்கள் என்பதுபோல நிற்கும். ஜப்பான்காரன் காலத்தில் நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றோம். மரங்களுக்கு மாசியில் தளிர் வந்துவிடும். அதுதான் வித்தியாசம்.

அப்படி ஓர் இலையுதிர்ந்த ஞாயிற்றுக்கிழமை. பால்வெட்டு நின்றுபோய் எல்லா நாளும் ஞாயிறாகிவிட்டிருந்தாலும், அம்மா உண்மையான ஞாயிற்றை விட்டுக்கொடுத்ததில்லை. அன்று பனி விலகுமுன்பே எழுந்து ஐந்து வகைச் சோறு ஆக்கினாள். அதற்கு வேண்டியவை எல்லாம் வீட்டில் இருந்தன, அரிசியைத் தவிர.

தங்கைக்கு ஏழாம் மாதம். ஏழாம் மாதத்தில் தாய்வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், பிள்ளைத்தாய்ச்சி வாயில் வைத்துவிட்டு, பிரசவத்துக்குக் கையோடு அழைத்துவர வேண்டும். ஜப்பான்காரன் வந்திருக்கிறான் என்பதற்காக ஏழாம் மாதம் தள்ளிப் போகுமா? அம்மா மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, உலர்த்தி, குருணையாக உடைத்து ஆவியில் வேகவைத்தாள். பிறகு அதை ஐந்தாகப் பிரித்தாள். ஒன்றில் மஞ்சளும் எலுமிச்சையும், ஒன்றில் புளி, ஒன்றில் தேங்காய், ஒன்றில் கரும்புப் பாகு. தயிர்ச் சோறுதான் சிக்கல். தோட்டத்து மாடுகள் எல்லாம் ஜப்பான்காரர்களின் வயிற்றுக்குள் போயிருந்தன. அம்மா தேங்காய்ப் பாலில் எலுமிச்சையைப் பிழிந்து, அது திரிந்ததும், "இதுதான் தயிரு. வாய மூடிக்கிட்டு அடுக்குல கட்டு" என்றாள்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் என் முகம் எப்போதும் ஏதோ சொல்ல வருவதுபோலவே இருக்கும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவனை நிப்போங்கோ என்கிற ஜப்பான் மொழியைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்ததைவிட எனக்கு ஒரு பாடம் கூடுதலாகத் தெரியும். அந்த ஒரு பாடம்தான் என்னைச் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலையிலிருந்து காப்பாற்றியது. தங்கையின் புருஷனுக்குப் பால் வெட்ட மட்டுமே தெரியும். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். அதன் பிறகு கெடாவையே தூக்கிச் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். ஆக, சயாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. சயாமுக்குப் போனவரைப் பற்றித்தான் சேதி இல்லை.

தங்கை இருந்தது லூனாஸ் ஊரைத் தாண்டிய ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரும் சயாமுக்குப் போய்விட்டார். எங்கள் தோட்டத்தில் டிரசர் இருந்தார், மருந்துதான் இல்லை. ஆனாலும் ஆள் இருப்பது ஒரு தைரியம், மருத்துவச்சியும் இருந்தாள். தங்கைக்கோ முழங்கால்வரை வீக்கம். "என்னய எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். முன்பு ஒருமுறை போய்க் கேட்டதற்கு அவள் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பொண்டாட்டிய அனுப்புறது புருஷன் கை. எம்மவன் வந்து வெத்தல பாக்கு குடுத்து அனுப்பட்டும்."

அந்த அம்மாள் சும்மா பேசுகிறவர் இல்லை. மகன் லாரி ஏறிய அன்று வீட்டில் மிஞ்சியிருந்த அரிசியை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடி, கூரை மோட்டுக் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வருகிறவன் பசியோடு வருவான், அவனுக்குக் கிழங்கா போடுவது என்று கேட்டார். கீழே எல்லாரும் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள், மேலே அரிசி ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாவைச் சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்தேன். டயர் கிடைக்காத காலம். ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு டயர் கிடைக்கவில்லை என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஷீட் ரப்பரைக் கீறிச் சக்கரத்தில் சுற்றிக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் அம்மா ஒருமுறை குதித்தாள். குதிக்கும்போதெல்லாம் மடியிலிருந்த அடுக்குச் சட்டியைத்தான் பிடித்தாள், என்னை அல்ல.

"நீதான் பேசணும்" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "படிச்சவன். சம்பந்திக்கிட்ட நாலு வார்த்த எடுத்துச் சொல்லு."

வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையை நாற்பதாக்கிக்கொண்டு போனேன். உவமைகூட இரண்டு இருந்தன.

வரிசையாக நின்ற லயத்து வீடுகளில் ஒன்றில் தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் அவளுடையவை மாதிரியே இல்லை. அம்மா அவளைப் பாயில் உட்காரவைத்து, வாழையிலையில் ஐந்து குவியல் வைத்தாள். அவள் முதல் குவியலை வாயில் போட்டு, "எலுமிச்ச சாதம்" என்றாள். அடுத்து, "புளிச்சோறு." ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லித் தின்றாள். தயிருக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தாள்.

"தயிருண்ணே" என்றாள். "நல்லாப் புளிச்சிருக்கு."

"நேத்துக் கறந்த தேங்கா" என்றேன். அவள் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பலித்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு மாமியார் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு என் நாற்பது வார்த்தையை ஆரம்பித்தேன். "அத்தே, நாங்க எதுக்கு வந்தோம்னா..."

"தெரியும் தம்பி. கூட்டிட்டுப் போங்க" என்றார் அவர்.

உவமை இரண்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அம்மா நம்பாமல், "என்ன சம்பந்தி சொல்றீங்க?" என்றாள்.

"கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றேன்லா. புள்ளையாச்சும் நல்லபடியா பொழைக்கட்டும். இங்க என்ன இருக்கு, சூசாவும் கஷ்டமும்தான்." சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து, தங்கையின் சேலைகளைத் தானே மடிக்க ஆரம்பித்தார்.

அம்மாவின் முகத்தில் பல மாதமாகக் காணாத வெளிச்சம். நான் மூட்டை கட்டக் கயிறு தேடினேன். திரும்பினால் தங்கை எழுந்திருக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரலண்ணே."

"ஏம்மா, நீதானே வரணும்னு சொல்லி விட்ட?"

அவள் மெதுவாக, மாமியார் காதில் விழாதபடி சொன்னாள். "இத்தன நாளா அத்த விடமாட்டேன்னாங்க. அழுகையா வரும். ஆனா அதுதான் தெம்பு. அவங்க இன்னும் அவரு வழியப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு. இப்ப போங்குறாங்க. நானும் போயிட்டா அப்புறம் அவர யாருண்ணே பாக்குறது?"

அம்மா கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு காலின் வீக்கத்தை விரலால் அழுத்திக் குழி விழுவதைக் காட்டினாள். தங்கை குழியைப் பார்த்தாள், சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். படித்தவனான நான் கையில் கயிற்றோடு நின்றேன். இன்றைக்கு வயிறு முன்னே போக நான் பின்னே போகிற வயதாகிவிட்டது. கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறேன். தங்கையின் அந்தக் கேள்விப் பக்கம் மட்டும் இதுவரை போனதில்லை.

கிளம்பும்போது மாமியார் அடுப்படியிலிருந்து அடுக்குச் சட்டியை மேலே துணி கட்டிக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். சீர் வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது என்பது வழக்கம். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரு வெற்றிலையோ இரண்டு மிளகாயோ போட்டு வழக்கத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். கேரியரில் ஏறியதும் அம்மா, "கனக்குது" என்றாள். லூனாஸ் தாண்டி வீடு வரும்வரை அதை இரண்டு கையாலும் அணைத்தபடியே வந்தாள். முடிச்சுகளுக்குக்கூட அவள் குதிக்கவில்லை.

வீட்டில் அப்பா, காலில் ஆறாத புண்ணோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேராகத்தான் வந்திருக்கிறோம் என்று பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டார். அம்மா துணியை அவிழ்த்தாள். சட்டியில் அரிசி. வெள்ளை அரிசி, கொஞ்சம் அந்தப் பிஸ்கட் தகரத்தின் துரு வாசனையோடு.

அம்மா அதில் கை வைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"சம்பந்தி மகனத் தலமுழுகிட்டாங்கடா" என்றாள்.

"நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரேன்மா."

"கொண்டுபோனா அவளுக்குத் தெரிஞ்சிருமே. அந்த வெறுந்தகரத்த அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான அவ உக்காந்திருக்கா." பிறகு, "அவ அத எறக்கிப் பாக்காம இருக்கணும்" என்றாள்.

அரிசியைத் துணியில் முடிந்து பரணில் வைத்தாள். அன்று மாலை எங்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான். ஐந்து பெயர் வைக்க ஆள் இல்லாததால், கிழங்கு என்றே சொல்லித் தின்றோம்.